350-ஆவது நாளும் அதற்குப் பின்னும்

நான் குடியை மூன்று முறை நிறுத்தியிருக்கிறேன். சபரிமலைக்கு மாலை போட்டு நிறுத்தியதையும் சேர்த்தால் பதினான்கு முறை ஆகும். மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் எண்ணிக்கையில் எனக்குப் பிழை வராது. ஆனால் அந்தப் பதினான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்க எனக்கு நாற்பத்து மூன்று வயது ஆக வேண்டியிருந்தது.

மாலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என்னை நெடுங்காலம் ஏமாற்றியது அதுதான். கார்த்திகை முதல் நாள் துளசிமணி கழுத்தில் ஏறியதும் குடி நிற்கும். மலையிலிருந்து திரும்பி அதைக் கழற்றிய அன்று சாயங்காலமே மறுபடி தொடங்கும். அந்த நாற்பத்தெட்டு நாளை எனக்கு நானே எழுதிக்கொண்ட நற்சான்றிதழாக வைத்திருந்தேன்: நினைத்தால் நிறுத்த முடிகிறவன் எப்படி நோயாளி ஆவான்? கடைசி இரண்டு ஆண்டுகளில், மாலை போட்ட முதல் மூன்று நாட்கள் கை நடுங்கியபோது, விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியலின் மேல் பழியைப் போட்டேன். குருசாமி மட்டும் ஒருமுறை என் கையைக் கவனித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், டம்ளரில் பாதிக்கு மட்டும் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

2018-ஆம் ஆண்டின் இறுதியில் வீட்டார் என்னை ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். சேர்த்தார்கள் என்பது மரியாதையான சொல். இரவு பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நான்கு பேர் என்னைத் தூக்கிப் போனார்கள். தொண்ணூறு நாள் பூட்டிய கதவு, மாதம் ஒருமுறை மட்டும் வீட்டாரின் முகம், எதிர்த்துப் பேசியவனுக்கு அடி. மருத்துவர் வந்ததை இருமுறை பார்த்திருக்கிறேன். வெளியே வந்த ஒன்பதாம் நாள் குடித்தேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப் பொருள்களால் வரும் மனநலப் பாதிப்புகளும் அடங்கும் என்பதும், இப்படிப்பட்ட நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அது அறவே தடை செய்கிறது என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தன. அந்த மையத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

2020 மார்ச் 24 மாலையில் ஊரடங்குக்காக டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. கையிருப்பு 26-ஆம் தேதி காலையோடு தீர்ந்தது. அன்று மதியம் கை நடுக்கம், இரவு வியர்வை, தூக்கமின்மை. மறுநாள் இரவு சமையலறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தேன். நீண்ட நாள் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும் என்பதும், அதையடுத்த இரண்டு மூன்று நாட்களில் நினைவு தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்தான நிலை வரக்கூடும் என்பதும், கவனிக்காவிட்டால் உயிர் போகலாம் என்பதும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆம்புலன்ஸில் அரசு இராசாசி மருத்துவமனைக்கு, எங்கள் வாய்ச்சொல்லில் பெரியாஸ்பத்திரிக்கு, கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் சுவர் முழுவதும் மல்லிகை மொட்டுகள் புழுக்களாக நெளிந்து ஏறியதைக் கண்டேன். பதினாறு வருடம் பூவோடு பிழைத்தவனுக்கு வேறென்ன தெரியும்! குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பாகத் தயாமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியைப் போட்டார்கள். குடிப்பவர் உடம்பில் அது வற்றிக் கிடக்கும், அந்நிலையில் வெறும் சர்க்கரைத் தண்ணீரை ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம் என்று செவிலியர் ஒருவர் என் மனைவிக்கு விளக்கினாராம். நடுக்கத்துக்குக் கொடுத்த குளோர்டயாசிபாக்சைடு மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்து, பத்து நாளில் நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்தபின் டைசல்ஃபிராம் தொடங்கியது. சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறி, பின்பு அதுவும் சிதைந்து போக வேண்டும். இம்மாத்திரை இரண்டாவது படியைத் தடுத்துவிடுவதால், குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை நீடிக்கலாம். இருமல் மருந்தும் அரிஷ்டமும் கூட ஆகாது என்றார் மருத்துவர். ‘குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்’ என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கிறார்களே, அதை நம்பி என் அம்மா முன்பொரு காலத்தில் ஏதோ ஒரு பொடியை எனக்குக் குழம்பில் கலந்து போட்டதை அங்கேதான் ஒப்புக்கொண்டார். மருத்துவர் கோபப்படவில்லை; ஆனால் எந்த மருந்தையும் ஒருவருக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது என்பதை மூன்று முறை சொன்னார்.

என் வேலை பகல் பதினோரு மணிக்கு முடியும். மதுக்கடை பன்னிரண்டுக்குத் திறக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் செல்லூரிலிருக்கும் வீட்டுக்கு வந்து, மனைவி எடுத்துக் கொடுக்க, அவள் கண் முன்னால் மாத்திரையை விழுங்குவது என்று முடிவு செய்துகொண்டோம். மே 7-ஆம் தேதி கடைகள் மறுபடி திறந்து, தெருமுனையைத் தாண்டி வரிசை நின்றபோது, நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஊரடங்கு தளர்ந்ததும், 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் ஒன்றுக்குப் போகத் தொடங்கினேன். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், சிறுவர்களின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். அங்கே எனக்கு வழித்துணையாக வாய்த்தவர் ஒரு தையல்காரர். எல்லாருக்கும் அவர் டெய்லர் அண்ணன்.

இப்படியாக 350 நாள் போயிற்று. ஓராண்டுக்கு இன்னும் இரண்டே வாரம் என்று வீட்டில் நாட்காட்டியில் வட்டம் போட்டிருந்தார்கள்.

2021 மார்ச் 11 மகா சிவராத்திரி. மாசிக்கு உசிலம்பட்டிப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடுவதும், இரவெல்லாம் விழித்திருப்பதும், மறுநாள் கிடா வெட்டுவதும் தலைமுறை வழக்கம். கருப்பசாமிக்குச் சுருட்டும் சாராயமும் படைப்போம். விடிந்ததும் படையலைப் பிரித்தபோது, சித்தப்பா பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார். “சாமிக்கு வச்சதுடா மகனே, தீர்த்தம் மாதிரி. வேணாம்னு சொல்லாத.” அவர் மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை, நான் மருத்துவம் பார்த்துக்கொண்டது அவருக்குத் தெரியாது, வெட்கப்பட்டு நான்தான் மறைத்திருந்தேன். அந்த ஒரு மூடியால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் அதற்கடுத்த அரை மணி நேரத்தில் என் மனத்தில் ஓடியது ஒரே வாசகம்: முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு? 350 போய்விட்டது, இனி எண்ணிக்கை சுழியம், அப்படியானால் இன்றைக்குக் குடித்துவிட்டு நாளைக்கு முதலிலிருந்து தொடங்கலாம். அன்று சாயங்காலம் ஒரு குவார்ட்டர். அடுத்த பத்து நாட்களின் கணக்கு என்னிடம் இல்லை.

டெய்லர் அண்ணனை அழைத்தவள் என் மனைவி. அவர் வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “ஏன் குடிச்சன்னு கேக்க வரல தம்பி. சாப்டியா?” என்றார். நான் அறையைப் பூட்டிக்கொண்டு நானே நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். அவர் விடவில்லை. விட்டு விட்டுக் குடித்து நிறுத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அந்த நடுக்கமும் வலிப்பும் முன்பைவிடக் கடுமையாகும், ஒருமுறை வலிப்பு கண்டவன் வீட்டில் தானாக நிறுத்தவே கூடாது என்று சொல்லி, மார்ச் 22 திங்கட்கிழமை ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஏன் குடித்தாய் என்பதன்று. அந்த மூடியைக் குடித்த அன்றைக்கே ஏன் வரவில்லை என்பதுதான். வெட்கமாக இருந்தது என்றேன். சறுக்கல் வேறு, மறுவீழ்ச்சி வேறு என்றார் அவர். ஆலன் மார்லட் என்னும் அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறாராம்: விரதம் முறிந்துவிட்டது, நான் தோற்றவன் என்னும் நினைப்புதான் ஒரு மிடறைப் பத்து நாளாக்குகிறது. எனக்கு முக்காட்டுப் பழமொழி நினைவுக்கு வந்தது, சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அதைத் தம் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

பக்கத்துப் படுக்கையில் இருபத்திரண்டு வயதுப் பையன். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொண்டவன். அவனுக்கு வலிப்பு இல்லை. எலும்பெல்லாம் வலி, வயிற்றுப்போக்கு, மூக்கொழுகல். அவனுடைய அம்மாவிடம் மருத்துவர் தனியாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது: நிறுத்திச் சில வாரமானால் உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும், பிறகு பழைய அளவையே ஒருமுறை ஏற்றினாலும் மூச்சு நின்றுபோகலாம். சாராயத்தில் சறுக்கிய எனக்குக் கிடைத்த பத்து நாள் அவனுக்குக் கிடைக்காமலும் போகலாம் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நடுக்கம் அடங்கியபின் உளவியலாளர் ஒரு நோட்டைக் கொடுத்து, மார்ச் 12-இலிருந்து பின்னோக்கி நாளாக நாளாக எழுதச் சொன்னார். கணக்குப்பிள்ளைக்கு இது தெரிந்த வேலைதான். இருப்பு உதைத்தால், பிழை விழுந்த பக்கம் வரை திருப்பிக்கொண்டே போக வேண்டும். பிப்ரவரி முழுவதும் நான் கூட்டத்துக்குப் போகவில்லை. பிப்ரவரி நடுவில், தராசு எடையில் வந்த வித்தியாசத்துக்காக முதலாளி எல்லார் முன்னிலையிலும் என்னைத் திட்டினார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தைப் பொங்கலையொட்டி இரவு மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. பனியால் விளைச்சல் குறைந்து, பண்டிகையும் முகூர்த்தமும் சேர்ந்து, மற்ற மாதங்களில் கிலோ சில நூறுக்குப் போகும் மல்லிகை ஆயிரங்களைத் தாண்டும் பருவம் அது. கடையை விட்டு நகர முடியாது. இன்னும் பின்னால் போனால், ஜனவரி 9, சனிக்கிழமை. அன்று பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, “மாத்திரையக் கடையிலேயே போட்டுக்கிட்டேன்” என்று மனைவியிடம் சொன்னேன். போடவில்லை. குடிக்கும் எண்ணமும் அன்று இல்லை; வெறும் மறதி, அதை மறைக்க ஒரு பொய். மறுநாளும் அதே பொய் எளிதாக வந்தது. இரண்டு மாதம் வந்தது.

நோட்டை வாசித்துவிட்டு உளவியலாளர், பசி, கோபம், தனிமை, சோர்வு ஆகிய நான்கும் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று கோடு போடச் சொன்னார். கோடு இல்லாத பக்கமே இல்லை. சித்தப்பா ஊற்றிய மூடி கடைசி வரியில்தான் வந்தது. அதுவரை நான் சிவராத்திரியன்றுதான் விழுந்தேன் என்று நினைத்திருந்தேன்.

மனைவி அந்த நோட்டைப் படித்தாள். “நீங்க குடிச்சதக் கூடத் தாங்கிக்கிட்டேன். ரெண்டு மாசம் என் மூஞ்சியப் பாத்து மாத்திரை போட்டேன்னு சொன்னீங்களே” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை; இன்றும் இல்லை. இன்றுவரை அவள் என்னிடம் எதையும் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத்தான் நம்புகிறாள்.

இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் ஏறியிருந்ததால் இம்முறை டைசல்ஃபிராம் வேண்டாமென்று, சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அகாம்ப்ரோசேட் எழுதிக் கொடுத்தார்கள்: 333 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு இரண்டாக மூன்று வேளை. இது குடித்தால் தண்டிக்கும் மருந்தன்று, ஏக்கத்தைத் தணிப்பது. கல்லீரலில் சிதையாமல் சிறுநீரில் அப்படியே வெளியேறுவதால் எனக்கு ஏற்றதாம். ஓராண்டு எடுத்தேன். என் சம்பளம் மனைவியின் கணக்கில் நேராக விழும்படி நானே முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதம் பேருந்துக் காசு மட்டும் கையில். இரவில் ஏக்கம் மீறியபோது 14446 என்னும் கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண்ணை இருமுறை அழைத்திருக்கிறேன். டெய்லர் அண்ணனை எத்தனை முறை அழைத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. சறுக்கினால் அன்றைக்கே யாரை அழைப்பது, யார் என்னை அழைத்துப் போவது என்று ஒரு தாள் எழுதி அரிசி டப்பாவின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறோம். விழப்போகிறவன் போல முன்கூட்டியே எழுதி வைப்பது அபசகுனம் என்று அம்மா முணுமுணுத்தார். அது அங்கேயே இருக்கிறது.

பழைய 350 நாளைச் சுழியமாக்காமல் தனிப் பத்தியிலேயே வைத்திருக்கிறேன். டெய்லர் அண்ணனுக்கு இதில் உடன்பாடில்லை; கடைசியாகக் குடித்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்பார். கூட்டத்தில் அவர் சொல்கிறபடி சொல்வேன். என் நோட்டில் என் வழக்கம்.

தை மாதம் வந்தால் இப்போது ஒரு மணி நேரம் முன்னதாகவே கடைக்குப் போய்விடுகிறேன்; பதினோரு மணிக்குக் கிளம்பிவிடுவேன். முதலாளி முதல் வருடம் முகம் சுளித்தார், பிறகு மத்தியான வேளைக்குத் தம் அக்கா மகனை உட்கார்த்திவிட்டார். மாசிக்குக் கோயிலுக்குப் போவதையும் விடவில்லை. நோயை மறைக்காமல் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து, கிடா வெட்டி முடிந்ததும் படையலைப் பிரிப்பதற்கு முன்பாகவே கிளம்பிவிடுவேன். சென்ற முறை சித்தப்பா எல்லாருக்கும் முன்னால் என் பங்குக் கறியை எடுத்துத் துணிப்பையில் கட்டி, பேருந்து நிற்கும் ரோடு வரைக்கும் தாமே தூக்கிக்கொண்டு வந்தார்.