ஐந்து மாத வாடகை, பன்னிரண்டு மாத வரி

பிள்ளைகளைப் பார்க்க ஐந்தாறு மாதம் வெளிநாடு போகிறவர்கள், வீட்டைப் பூட்டிவைப்பதற்குப் பதில் வாடகைக்கு விட்டுப் போனால் என்ன என்று யோசிப்பது இயல்பு. வந்த வாடகையில் ஒரு பங்கு வரி என்பதுதான் பலருடைய மனக்கணக்கு. இந்திய வருமான வரிச் சட்டம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. நீங்கள் எத்தனை மாதம் ஊரில் இல்லை என்பதை அது கேட்பதே இல்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான அந்த ஆண்டில் வீடு ஒரு மாதமாவது வாடகைக்குப் போனதா என்றுதான் கேட்கிறது.

(2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. இங்கே எல்லோருக்கும் பழகிய 1961 சட்டத்தின் எண்களையே தருகிறோம். படிவ எண்களை மட்டும் வருமான வரித் துறையின் போர்ட்டலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

பூட்டிவைத்த வீட்டுக்கு வரி இல்லை. சொந்த வீடு இரண்டு வரை ஆண்டு மதிப்பு (வீடு ஓர் ஆண்டில் தரக்கூடியதாகச் சட்டம் கணக்கிடும் வாடகை) பூஜ்யம் என்று காட்டலாம். முன்பு, வேலை நிமித்தம் வேறு ஊரில் இருந்தால்தான் காலி வீட்டுக்கு இந்தச் சலுகை. 2025 நிதிச் சட்டம் அதை 'எந்தக் காரணத்தாலும்' என்று தளர்த்திவிட்டது. ஆனால் பிரிவு 23(3) ஒரு கதவைச் சாத்துகிறது: ஆண்டின் ஏதாவது ஒரு பகுதியில் வாடகைக்கு விட்டிருந்தால் அந்தச் சலுகை அந்த ஆண்டு முழுவதற்கும் போய்விடும்.

எண்களில் பார்த்தால் விளங்கும். அக்கம்பக்கத்து நிலவரப்படி மாதம் 20,000 ரூபாய் வாடகை போகக்கூடிய வீடு. ஐந்து மாதத்துக்கு 22,000 வீதம் விட்டீர்கள். கையில் வந்தது 1,10,000. சட்டம் ஆண்டு முழுவதற்கும் எதிர்பார்க்கக்கூடிய வாடகையையும் உண்மையில் வந்ததையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும். அதாவது 2,40,000. கட்டிய சொத்து வரி 10,000 போக 2,30,000. அதில் 30 சதவீத நிலையான கழிவு 69,000. மீதி 1,61,000 உங்கள் வருமானத்தில் சேரும். வந்த பணத்தை விட வரிக்குரிய தொகை பெரியது! மனக்கணக்கில் அது வெறும் 70,000-ஆக இருந்திருக்கும். மற்ற ஏழு மாதமும் வாடகை வரவில்லையே, காலி என்று காட்டலாமா என்றால், கூடாது. காலிக் கழிவு ஆள் கிடைக்காமல் கிடந்த மாதங்களுக்குத்தான். நீங்களே குடியிருந்த மாதங்கள் அதில் சேராது.

இதைவிட மோசம், பயணம் இரண்டு நிதியாண்டுகளில் விழுவது. ஜனவரி முதல் மே வரை விட்டால், மூன்று மாதம் ஓர் ஆண்டில், இரண்டு மாதம் அடுத்த ஆண்டில். இரண்டு ஆண்டுகளிலும் அந்த 2,40,000 கணக்கு ஓடும். அதே ஐந்து மாதத்தை நவம்பரிலிருந்து மார்ச் 31-க்குள் முடித்தால் ஓர் ஆண்டோடு போயிற்று. டிக்கெட் எடுக்கும்போதே பார்க்க வேண்டிய விஷயம் இது, வரி ரிட்டர்ன் போடும்போது அல்ல.

முழு வீட்டையும் விடாமல் ஓர் அறையையோ மாடிப் பகுதியையோ மட்டும் விடுவது பெரும்பாலும் நல்ல வழி. விட்ட பகுதியும் பூட்டிய பகுதியும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். 1,200 சதுர அடியில் 400 சதுர அடி விட்டால் எதிர்பார்க்கும் வாடகை, சொத்து வரி, கடன் வட்டி மூன்றிலும் மூன்றில் ஒரு பங்குதான் இந்தக் கணக்கில் வரும். ஆண்டு முழுவதும் என்ற விதி அந்தப் பகுதிக்கும் உண்டு, தொகைதான் சுருங்குகிறது. இதற்கு ஆதாரம் ஒப்பந்தம்தான். எந்த அறை, எத்தனை சதுர அடி, எந்தக் கழிவறை, சமையலறை பொதுவா இல்லையா என்பதை எழுதிவையுங்கள். 'வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன்' என்று ஒரு வரியில் முடித்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பிறகு பகுதி என்று வாதாடுவது கஷ்டம்.

கழிவுகளில் அடிக்கடி நடக்கும் தவறு சொத்து வரி. உரிமையாளர் அந்த நிதியாண்டுக்குள் உண்மையில் கட்டியிருந்தால்தான் கழியும். சென்னையைப் போல அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் ஊர்களில், இரண்டாம் அரையாண்டு வரியைத் திரும்பி வந்து கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் இந்த ஆண்டுக் கழிவு போயிற்று. வாடகைக்காரர் கட்டினாலும் கழிவு இல்லை. பெயின்ட், பிளம்பர், அபார்ட்மென்ட் பராமரிப்புக் கட்டணம், புரோக்கர் கமிஷன் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. அந்த 30 சதவீதம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ரசீதே இல்லாவிட்டாலும் 30 சதவீதம் கிடைக்கும் என்பது இதன் மறுபக்கம். வீட்டுக் கடன் வட்டி, வாடகைக்கு விட்ட வீட்டுக்கு முழுமையாகக் கழியும். அதனால் நஷ்டம் வந்தால் பழைய வரி முறையில் சம்பளம், பென்ஷன் போன்ற மற்ற வருமானத்தோடு 2 லட்சம் வரை ஈடுகட்டலாம். புதிய முறையில் முடியாது.

திருப்பித் தரவேண்டிய அட்வான்ஸ் வருமானம் அல்ல. வாடகை பாக்கிக்காக அதில் பிடித்துக்கொண்டால் அந்தத் தொகை வாடகை ஆகிவிடும். வாடகையை மகன் கணக்குக்குப் போகச் சொல்வதால் வரி மகனுக்குப் போகாது. வீடு யார் பேரிலோ அவருடைய வருமானம்தான்.

இவ்வளவு கணக்குக்கும் பிறகு பலருக்கு வரி பூஜ்யமாக நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025-26 முதல் புதிய முறையில், மொத்த வருமானம் 12 லட்சம் வரை உள்ள இந்தியக் குடியிருப்பாளருக்கு 87ஏ தள்ளுபடி (கணக்கிட்ட வரியைக் கழித்துவிடும் சலுகை) உண்டு. ரிட்டர்ன் போடத்தான் வேண்டும்.

அந்தக் 'குடியிருப்பாளர்' என்ற சொல்லில்தான் அடுத்த சிக்கல். சும்மா பார்த்துவிட்டு வரப் போகிறவர் ஆறு மாதம் வெளியே இருந்தாலும் அநேகமாகக் குடியிருப்பாளர்தான். அந்த ஆண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் போதும். இல்லாவிட்டாலும் 60 நாளும் முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இருந்தால் போதும். வேலைக்காகக் கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு அந்த 60 நாள் 182 ஆகிவிடுகிறது. ஆகவே ஏப்ரலிலிருந்து 182 நாள் ஆவதற்குள் வேலைக்குக் கிளம்பி, மார்ச் வரை திரும்பாமல் இருந்தால், அந்த ஆண்டிலேயே அவர் என்ஆர்ஐ, அதாவது வரிக் கணக்கில் குடியிருப்பாளர் அல்லாதவர்.

என்ஆர்ஐ ஆனதும் பாதிப்பு முதலில் வாடகைக்காரருக்கு. குடியிருப்பாளரான உரிமையாளருக்கு மாதம் 50,000-க்கு மேல் கொடுத்தால்தான் தனிநபர் 2 சதவீதம் டிடிஎஸ் (வாடகையிலேயே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். என்ஆர்ஐ-க்குக் கொடுத்தால் பிரிவு 195: குறைந்தபட்ச வரம்பே கிடையாது, செஸ் என்ற கூடுதல் வரியோடு 31.2 சதவீதம். வாடகைக்காரர் டான் எண் (வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) வாங்கி, மாதாமாதம் அரசுக்குக் கட்டி, காலாண்டுக்கு ஒருமுறை 27கியூ அறிக்கை தாக்கல் செய்து, உங்களுக்கு 16ஏ சான்றிதழ் தர வேண்டும். பிடிக்காமல் விட்டால் வட்டியோடு பொறுப்பு அவர் தலையில். சாதாரணக் குடும்பம் இதற்கெல்லாம் தயங்கும். உரிமையாளர் என்ஆர்ஐ என்பதை மறைத்துக் குடிவைப்பது வாடகைக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

25,000 வாடகையில் 7,800 மாதாமாதம் பிடிபடும், ஆண்டுக்கு 93,600. வேறு வருமானம் இல்லாத என்ஆர்ஐ-க்கு 3 லட்சத்தில் 30 சதவீதம் போக 2,10,000-தான் வருமானம். புதிய முறையின் 4 லட்சம் வரம்புக்குள் அடங்குவதால் வரியே இல்லை. முழுத்தொகையும் ரிட்டர்ன் போட்டபின் ரீஃபண்டாகத்தான் வரும். இதைத் தவிர்க்க, படிவம் 13-இல் குறைந்த டிடிஎஸ் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் வாடகைக்காரரின் டான் எண் கேட்பார்கள் என்பதால் முதலில் அவர் டான் வாங்கியாக வேண்டும். சான்றிதழ் அந்த நிதியாண்டுக்கு மட்டும், ஏப்ரலில் மறுபடியும். 87ஏ தள்ளுபடி என்ஆர்ஐ-க்குக் கிடையாது என்பதையும், ரிட்டர்னுக்கு ஐடிஆர்-1 படிவம் போட முடியாது, ஐடிஆர்-2 தான் என்பதையும் மறக்க வேண்டாம். வாடகை விழும் வங்கிக் கணக்கையும் என்ஆர்ஓ-வாக (என்ஆர்ஐ-யின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றியிருக்க வேண்டும். நீங்கள் போயிருக்கும் நாடு உலக வருமானத்துக்கு வரி போடும் நாடானால் அங்கேயும் இந்த வாடகையைக் காட்டி, இங்கே கட்டிய வரிக்கு ஈடு கேட்க வேண்டும்.

நாள்வாடகைக்கு, இணையதளம் வழியாக அறை விடுவதாக இருந்தால் ஜிஎஸ்டியும் வரும். ஒருவர் குடியிருக்க மாத வாடகைக்கு விட்டால் ஜிஎஸ்டி இல்லை. விருந்தினர் தங்கும் அறை அப்படியல்ல: 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம். உங்கள் வரவு பெரும்பாலான மாநிலங்களில் உள்ள 20 லட்சம் வரம்புக்குக் கீழே இருந்து நீங்கள் பதிவு செய்யாவிட்டாலும், பிரிவு 9(5)-இன்படி அந்தத் தளமே விருந்தினரிடம் வசூலித்துக் கட்டிவிடும். இன்னொன்று: 2024-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குடியிருப்பு வீட்டையோ அதன் பகுதியையோ உரிமையாளர் வாடகைக்கு விட்ட வருமானத்தைத் தொழில் வருமானமாகக் காட்டி, செலவுகளை எல்லாம் கழிக்க முடியாது. காலை உணவு, துணி துவைப்பு போன்ற சேவைகளுக்குத் தனி பில் போட்டால் அந்தப் பங்கு மட்டும் தனியாகப் பார்க்கப்படும்.