ஒரு 'ஆம்' போட்டதும் சீன் நிமிர்ந்துச்சு

சப்டைட்டில் எழுதறதுதான் என் வேலை. 1986ல வந்த க்ரோக்கடைல் டண்டீ என் கைக்கு வந்தப்ப மொத்தப் படத்தையும் நாலு நாள்ல முடிச்சிட்டேன், கடைசி சீனுக்கு மட்டும் தனியா ஒரு நாள் போச்சு.

ஆஸ்திரேலியக் காட்டுல இருந்த மிக், சூ-ங்கற பத்திரிகைக்காரப் பொண்ணோட நியூயார்க் வர்றான். நடைபாதைல எதிர்ல வர்ற முகம் தெரியாத ஆளுங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிட்டே போறான், அந்த ஊரு கூட்டம் அவனை ஏற இறங்கப் பாக்குது. கடைசில சூ-வுக்கு ரிச்சர்ட்னு வேற ஒருத்தரோட கல்யாணம்னு தெரிஞ்சதும் கிளம்பிடறான். அவ பின்னாடியே ஓடி வர்றா, சப்வே ஸ்டேஷன்ல நகரக்கூட இடமில்ல, அந்தக் கோடில அவன் இந்தக் கோடில இவ. இவ சொல்றத நடுவுல நிக்கற யாரோ ரெண்டு பேர் கத்திக் கத்தி அவன்கிட்ட கொண்டுபோறாங்க.

நான் முதல்ல எழுதுனது, "ரிச்சர்டைத் திருமணம் செய்துகொள்ள மாட்டேன் என்று அவள் கூறுகிறாள்". எங்களுக்கு வரிக்கு 42 எழுத்து, மொத்தம் ரெண்டே வரி, ஆனா பிரச்சினை நீளம் மட்டும் இல்ல, படிச்சா ரேடியோ செய்தி மாதிரி இருந்துச்சு. செக் பண்ற அக்கா ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு, "ஏம்மா, கூட்டத்துல நின்னு இத உன்னால கத்த முடியுமா?"ன்னு கேட்டாங்க. நிஜமாவே எழுந்து நின்னு கத்திப் பார்த்தேன். வாயில தானா வந்தது, "ரிச்சர்ட கட்டிக்க மாட்டாளாம்!"

அந்த 'ஆம்' போதும். நான் சொல்லல, அவ சொல்றா, நான் உனக்குக் கொண்டுவந்து தர்றேன், இத்தனையும் அதுக்குள்ள இருக்கு. அடுத்தது, "அந்தப் பொண்ணு உங்கள லவ் பண்ணுதாம்!" 'காதலிக்கிறேன்'னு எழுதும்போதெல்லாம் எனக்குக் கை கூசும், இங்க மூணாவது மனுஷன் வாயில வந்ததால கூசவே இல்ல.

1984ல வந்த ஸ்பிளாஷ்ல, வந்தா திரும்பிப் போக முடியாதுன்னு கடல்கன்னி சொல்லியும் ஹீரோ அவகூட தண்ணிக்குள்ள போயிடறான். அங்க ஒருத்தன் தன் உலகத்தையே விட்டுக்கொடுக்கறான், எனக்கு அதைப் பார்க்கும்போது சந்தோஷத்தோட ஒரு பயமும் வரும். மிக் கதைல யார் எந்த ஊர்ல இருக்கப் போறாங்கன்னு படம் சொல்லவே இல்ல, ஆனா எனக்கு அது குறையாத் தெரியல, ஏன்னா மிக் கூட்டத்துக்கு மேல ஏறி ஜனங்களோட தலையையும் தூக்குன கையையும் மிதிச்சு நடந்து அவகிட்ட வர்றான், ஆட்டு மந்தைல காவல் நாய் முதுகு மேலயே ஓடுமே அந்த மாதிரி. யாருக்கெல்லாம் வணக்கம் சொன்னானோ அதே ஊர் ஜனம்தான் அவனைத் தாங்குது.

அவன் நடந்து வர்ற அந்த இடத்துல ஸ்க்ரீன்ல ஒரு எழுத்துகூட நிக்கக்கூடாதுன்னு முந்தின வரியை 6 ஃப்ரேம் முன்னாடியே எடுத்துட்டேன். அக்கா அந்த இடத்தை ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தாங்க, ரெண்டாவது தடவை கீபோர்டுலேர்ந்து கையை எடுத்துட்டாங்க.