எங்களையா, எங்களுக்கா

கோடை விடுமுறை முடிந்து பவானியிலிருந்து பிரான்சிலுள்ள லியோனுக்குத் திரும்பிய அன்று பெட்டிகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். லிஃப்ட் கிடையாது, பழைய கட்டடம். எதிர் வீட்டுப் பாட்டி கதவைத் திறந்தார். என் மகளின் கன்னத்தைத் தடவிவிட்டு என்னைப் பார்த்து, "வூ நூஸாவே மாங்கே" என்றார். பின்னால் நின்ற தாத்தாவும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. 'நீங்க எங்களை மிஸ் பண்ணிட்டீங்க' என்றுதான் காதில் விழுந்தது. கிளம்புகிற அவசரத்தில் அவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தோம். நம் பக்கத்தில் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போவது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிழவி இத்தனை நாள் மனசில் வைத்திருந்து, மூச்சு வாங்க நிற்கிறபோது குத்திக்காட்டுகிறாரே என்று நினைத்தேன். ஆனால் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கோபக்காரருக்கு எதற்குக் கண் கலங்குகிறது?

உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே மகள் சொன்னாள்: "நாம இல்லாம அவங்களுக்கு ஒரு மாதிரி இருந்துச்சாம்மா." இங்கே பள்ளிக்குப் போகிற பிள்ளை. எனக்குப் பல வருடமாகப் பிடிபடாதது அவளுக்கு விளையாட்டு மைதானத்தில் கிடைத்துவிடுகிறது.

பிறகு உட்கார்ந்து யோசித்தால் நான் கேட்டதிலும் பிழை இல்லை. பிரெஞ்சில் 'நூ' என்ற ஒரே சொல் எங்களை என்பதற்கும் வரும், எங்களுக்கு என்பதற்கும் வரும். ஆகவே பாட்டி சொன்னதை 'எங்களைத் தவறவிட்டீர்கள்' என்றும் எடுக்கலாம், 'எங்களுக்குக் குறைந்துபோனீர்கள்' என்றும் எடுக்கலாம். எழுதும்போது முதல் பொருளுக்குக் கடைசியில் ஓர் 'எஸ்' சேர்ப்பார்கள். அந்த எஸ்ஸை எவரும் உச்சரிப்பதில்லை. காதுக்கு இரண்டும் ஒன்றே. நம் ஐ உருபும் கு உருபும் எவ்வளவு பெரிய வேலை செய்கின்றன என்பது அன்று மாடிப்படியில்தான் உறைத்தது. வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்யச் சொல்லி அடித்த தமிழய்யாவுக்கு ஒரு வணக்கம்.

ஆங்கிலத்தில் நினைத்து பிரெஞ்சில் பேசுவது எங்கள் தலைமுறையின் வியாதி. மெட்ரிகுலேஷன் பள்ளி, தமிழில் பேசினால் ஒரு ரூபாய் அபராதம், அப்புறம் கோவையில் பொறியியல், அப்புறம் வேலை. புது மொழி ஏதாவது தலைக்குள் வர வேண்டுமென்றால் ஆங்கிலத்தின் வழியாகத்தான் வர வேண்டும் என்று யார் எங்களுக்கு விதித்தார்களோ தெரியாது. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரைப் பார்த்திருக்கிறீர்களா? விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் அவர் நிற்பார். இவர் விரலும் அவருக்குத் தெரியும், அவர் விரலும் அவருக்குத் தெரியும். எனக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் ஆங்கிலம் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது, தரகுக் காசையும் வாங்கிக்கொண்டு.

இந்த 'மிஸ்' ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் அத்தனை பேரும் மிஸ். கணக்கு மிஸ், சயின்ஸ் மிஸ். காலையில் பஸ்ஸை மிஸ் பண்ணினோம். வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுத்தோம். பிற்பாடு எங்கிருந்தோ 'மிஸ் யூ' வந்து சேர்ந்தது. தமிழ் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நான்கையும் ஒரே மூச்சில் புழங்கினோம். பிரெஞ்சுக்கு வந்தால் தரகர் நான்கு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்.

பஸ்ஸை விட்டால் 'ரத்தே' என்கிறார்கள். 'மாங்கே' என்றும் சொல்லலாம். எடுக்காத போன் அழைப்பு 'ஆப்பெல் மாங்கே'. ஆனால் ஆள் இல்லாத ஏக்கத்துக்கு அதே வினைச்சொல் தலைகீழாகத் திரும்பிக்கொள்கிறது. ஏங்குகிறவர் எழுவாய் இல்லை. ஊரில் இருக்கிற ஆள்தான் எழுவாய். 'த்யூ ம மாங்க்': நீ எனக்குக் குறைகிறாய். ஆங்கிலக்காரருக்கு இது கழுத்தைச் சுளுக்கும். மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ஸ்காட்லாந்துக்காரர் இன்னும் இதில் தடுக்கி விழுகிறார். எனக்குப் புரிந்த அன்று சிரிப்புதான் வந்தது. இதை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! "எல்லாம் நல்லா நடந்துச்சு, நீ வராதது ஒண்ணுதான் எங்களுக்குக் கொறை." அதே குறை, அதே 'எங்களுக்கு'. அகராதியைப் புரட்டினேன். மாங்கே என்பது இத்தாலியம் வழியாக வந்த சொல், அதன் லத்தீன் வேருக்கு ஊனமுற்ற, குறைபட்ட என்று பொருள். பாட்டி மாடிப்படியில் சொன்னது சுத்தமான கல்யாண வீட்டுத் தமிழ். நடுவில் தரகர் இல்லாதிருந்தால் அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன்.

வாத்தியார் மிஸ் கதை இன்னும் வேடிக்கை. மகள் தன் ஆசிரியையை 'மெத்ரெஸ்' என்பாள். முதல் நாள் அவள் "என் மெத்ரெஸ் ரொம்ப அழகு" என்று வந்து சொன்னபோது என் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆங்கில 'மிஸ்ட்ரெஸ்' நமக்கு சினிமா வில்லன் வீட்டு விவகாரம். ஆனால் 1066-இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அவர்களுடைய பழைய பிரெஞ்சிலிருந்துதான் மிஸ்ட்ரெஸ் ஆங்கிலத்துக்குப் போனது. அதன் சுருக்கம்தான் மிஸ். பவானியில் நாங்கள் கைகட்டி நின்று 'குட் மார்னிங் மிஸ்' என்று ராகம் போட்டதெல்லாம் வால் அறுந்த பிரெஞ்சு. பஸ்ஸை விடுகிற மிஸ்ஸுக்கும் இதற்கும் உறவே கிடையாது. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை.

மிஸ்டு காலை மட்டும் எந்த மொழியிலும் பெயர்க்க முடியவில்லை. பிரெஞ்சில் அது தவறிப்போன அழைப்பு, அவ்வளவுதான். எங்களுக்கு அது தவறாமல் போய்ச்சேர்ந்த அழைப்பு. கோவை விடுதியிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலம் பஸ் ஏறினால் ஒரு ரிங். பவானி லட்சுமி நகர் நெருங்கினால் இரண்டு ரிங். அப்பா டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். தப்பித் தவறி அம்மா போனை எடுத்துவிட்டால் காசு போச்சு என்று எனக்கும் அவருக்கும் சேர்த்துத் திட்டு விழும். ஒரு சொல் பேசாமல் ஒரு குடும்பமே பேசிக்கொண்டது. இதை வகுப்பில் விளக்கப் பார்த்தேன். 'எடுக்காமல் இருப்பதற்காகவே கூப்பிடுவீர்களா?' என்று ஆசிரியை திரும்பத் திரும்பக் கேட்டார். செனகல் நாட்டுப் பெண் ஒருத்தி மட்டும் கை தூக்கி, எங்கள் ஊரிலும் உண்டு என்றாள். இப்போது அவள் என் தோழி.

தரகரைத் தள்ளிவிட்டுப் பார்க்கத் தொடங்கியதும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சமையல் நேரத்திலும் ட்ராமிலும் இதே வேலை. பள்ளியிலிருந்து வரும் சீட்டில் பிள்ளையை 'அமெனே' என்றும் சிற்றுண்டியை 'அப்போர்த்தே' என்றும் இருக்கும். ஆங்கிலம் இரண்டுக்கும் 'பிரிங்' என்று ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. கூட்டிட்டு வா, கொண்டு வா என்று நினைத்துவிட்டால் முடிந்தது கதை. (அந்தச் சிற்றுண்டிக்குப் பெயர் 'கூத்தே'. நாலரை மணிக்குப் பள்ளி வாசலில் நின்று பாருங்கள், பெயர்ப் பொருத்தம் தெரியும்.) 'ஹாட்' என்று ஆங்கிலம் சூட்டையும் காரத்தையும் ஒன்றாகக் கட்டும், பிரெஞ்சுக்கு 'ஷோ' வேறு, 'பிக்காங்' வேறு. 'டைம்' என்பதை மணி, நேரம், தடவை, காலம் என்று பிரித்துக்கொண்டால் 'எர்', 'தாம்', 'ஃபுவா', 'எபோக்' நான்கும் ஏறக்குறைய அதனதன் இடத்தில் போய் உட்காருகின்றன. 'தாம்' வானிலைக்கும் வரும், இலக்கணக் காலத்துக்கும் வரும். நம் காலம் மழைக்காலத்திலும் இருக்கிறது, இறந்தகாலத்திலும் இருக்கிறது. நீ, நீங்கள் என்ற பழக்கம் இருப்பவர்களுக்கு 'த்யூ', 'வூ' தனிப்பாடம் வேண்டாம். ஆனால் மாமியாரையே 'த்யூ' என்று கூப்பிடுகிற மருமகள்களை இங்கே பார்க்கிறேன், அதை ஊரில் சொல்லிவிடாதீர்கள்.

நாங்கள் குடியிருப்பது குருவா ரூஸ் மேட்டில். பட்டு நெசவாளர்களின் மேடு. உயரமான தறி நிற்பதற்காகவே வீடுகளின் கூரையை நாலு மீட்டருக்குத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் சூடேற்றும் கட்டணம் வரும்போது அந்தத் தறிகளை நன்றாக நினைத்துக்கொள்வோம். சதுக்கத்தில் ஒரு சிலை இருக்கிறது, ஜோசப் மரி ஜக்கார்ட், துணியில் வடிவங்களை நெய்யும் கருவியை உருவாக்கியவர், 1752-இல் இந்த ஊரில் பிறந்தவர். படத்தை சென்னிமலையில் தறி வைத்திருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "ஜக்காடுங்கறது ஆளாம்மணி? நான் மிசினுன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்!" அவர் பட்டறைக்குள் ஒரு பிரெஞ்சுக்காரர் பல வருடமாக வாடகை தராமல் குடியிருந்திருக்கிறார்.

ஆற்று விஷயத்தில் தமிழும் கைகொடுக்கவில்லை. கடலில் போய் விழுகிற ஆறு 'ஃப்லெவ்'. இன்னோர் ஆற்றில் போய்ச் சேருகிற ஆறு 'ரிவியேர்'. நமக்கு இரண்டும் ஆறு. லியோனில் இதற்கு எடுத்துக்காட்டு ஊருக்குள்ளேயே ஓடுகிறது. ரோன் நதி ஃப்லெவ், சோன் நதி ரிவியேர். தெற்கே ஒரு முனையில் இரண்டும் சேருகின்றன. நிறம் வேறு வேறாக ஓடிவந்து அப்புறம் கலப்பது கரையிலிருந்தே தெரியும். அங்கே நின்றுகொண்டு வகுப்பு நண்பர்களிடம், எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது, முன்போல ஊர் ஞாபகம் வருவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி வாய் மூடவில்லை, காவிரி ஃப்லெவ், பவானி ரிவியேர் என்று மனம் கணக்குப் போடுகிறது. கூடுதுறையில் ஆடிப்பெருக்கு அன்று முளைப்பாரி விடுகிற கூட்டம், ஈரப் படி வழுக்கி அத்தை விழுந்தது, சங்கமேஸ்வரர் கோயில் வாசலில் வாங்கின பொரி எல்லாம் வரிசையாக வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத அமுத நதி மூன்றாவதாக அங்கே சேர்கிறது என்று என் பாட்டி சொல்வார். கண்ணுக்குத் தெரியாத நதிக்கு என்ன சொல் என்று ஆசிரியையிடம் கேட்டேன். அது ஃப்லெவா ரிவியேரா என்று அவரே குழம்பிவிட்டார்.

சோற்று விஷயத்திலும் பிரெஞ்சு ஏழைதான். நெல், அரிசி, சோறு எல்லாம் ஒரே 'ரி'. 'நாம்' கிடையாது, 'நாங்கள்' கிடையாது, எல்லாம் அந்த 'நூ'. 'எமே' என்றால் உயிருக்கு உயிரான காதல். அதோடு நன்றாக என்று பொருள்படும் 'பியாங்'கைச் சேர்த்தால் பரவாயில்லை ரகப் பிரியமாக இறங்கிவிடுகிறது. நன்றாக நேசிக்கிறேன் என்றால் அவ்வளவாக நேசிக்கவில்லை என்று அர்த்தமாம். இந்த ஊர் மாப்பிள்ளைகள் எப்படித்தான் பிழைக்கிறார்களோ.

2024 ஜனவரியில் வந்த குடியேற்றச் சட்டம் மொழிப் படியை உயர்த்திவிட்டது. பத்தாண்டு வதிவிட அட்டைக்கு மொழித் தேர்வில் பி1 நிலை, குடியுரிமைக்கு அதற்கும் மேலே பி2. எங்கள் மாலை வகுப்பில் திடீரென்று நாற்காலிகள் போதாமல் போனது அதனால்தான். போன வாரம் 'மாங்கே' வைத்து ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னார் ஆசிரியை. உனக்கு என்ன குறைகிறது, எழுது. பிரேசில்காரர் கடல் என்று எழுதினார். நான் மாம்பழத்தில் தொடங்கினேன்: 'லே மாங் ம மாங்க்', மாம்பழங்கள் எனக்குக் குறைகின்றன. வகுப்பே சிரித்தது. மாங் என்ற பழப்பெயர் போர்த்துகீசியர்கள் நம் பக்கத்துக் கரையில் மாங்கா என்று கேட்டு எடுத்துப்போன சொல் என்று சொன்னதும் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது. அப்புறம் பஸ் கண்டக்டர் விசில், சந்தைக்கடை மஞ்சள் வாசம், விடியற்காலை மைக்செட். ஆசிரியை ஒரு திருத்தமும் போடவில்லை. ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும்: மனிதர்கள் யாரும் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டேன். புதிதாகக் கற்றதைச் சுடச்சுடச் சொல்லிப் பார்த்துவிடலாம் என்று, "அம்மா, நீ எனக்குக் கொறையா இருக்கே" என்றேன்.

"எனக்கென்ன கண்ணு கொறை?" என்றார் அம்மா, வெடுக்கென்று. "மூணு வேளை சோத்துக்குக் கொறை இல்ல, மாத்திரைக்கும் கொறை இல்ல. கண்ணு ஆப்பரேசனும் ஆச்சு. யாரு உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

விளக்க முயன்றேன். பாட்டி கதையைச் சொன்னேன், எங்களை, எங்களுக்கு எல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"செரி செரி. அந்தம்மாளுக்கு இனிமே சொல்லிட்டுப் போ. போனைப் புள்ளைகிட்டக் குடு, அவ நல்லாத் தமிழ் பேசறா."