‘பார்க்கலாம்’ என்பதற்கு எந்தக் கட்டம்?

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்காகக் கோத்தகிரிப் பக்கத்து டீ எஸ்டேட் லைன் வீடுகளில் வினாத்தாளோடு அலைந்து முடித்தாகிவிட்டது. நடைப்பயிற்சி, உப்பைக் குறைப்பது, காய்கறியைக் கூட்டுவது பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள், செய்யும் எண்ணம் இருக்கிறதா என்று அளப்பதுதான் வேலை. அடுத்து இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் பிடித்துக்கொண்டது உளவியலாளர் ஐசெக் அய்சனின் ‘திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு’. 1991-இல் அவர் எழுதிய கட்டுரையைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். ஒரு காரியத்தைப் பற்றிய நம் மனப்பான்மை, நமக்கு வேண்டியவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது, ‘என்னால் முடியும்’ என்ற நினைப்பு ஆகிய மூன்றிலிருந்தும் எண்ணம் பிறக்கிறது, எண்ணத்திலிருந்து செயல். ஒவ்வொன்றுக்கும் சில கேள்விகள், பதிலுக்கு ஒன்று முதல் ஏழு வரை கட்டங்கள். படிக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

முறைப்படி, முதலில் கொஞ்சம் பேரிடம் வெறுமனே பேச வேண்டும். நடப்பதில் என்ன நல்லது, என்ன தொந்தரவு, யார் என்ன சொல்வார்கள் என்று கேட்டு, வருகிற பதில்களிலிருந்துதான் கேள்விகளைச் செய்ய வேண்டும். நேரமில்லை என்று அதைத் தாண்டிவிட்டு, ஆங்கில வினாத்தாள் ஒன்றை எடுத்து மொழிபெயர்த்தேன். வேறொருவரை வைத்து மறுபடி ஆங்கிலமாக்கியும் பார்த்தேன். ஆங்கிலத்துக்கு அழகாகவே திரும்பிப் போனது. லைனில்தான் நிற்கவில்லை.

முதல் நாள், முதல் வீடு. கொழுந்து எடை போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார் ஓர் அம்மா. “உடற்பயிற்சி உங்களுக்கு இனிமையானதா, கசப்பானதா?” என்று வாசித்தேன். “கசக்க அது என்ன பாவக்காயா சிஸ்டர்?” என்றார். அடுத்து, “அடுத்த இரண்டு வாரங்களில் உடற்பயிற்சி செய்ய எண்ணியுள்ளேன்.” அவர் தன் காலைக் காட்டினார். “காலையில இருந்து இந்த மேடு பள்ளத்துலதான நிக்கறேன், இன்னும் என்ன பயிற்சி?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாதிரிச் சோதனையில் எண்ணத்துக்கான மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. கேள்விகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் குரோன்பாக் ஆல்ஃபா; அது 0.70 இருந்தால் பரவாயில்லை என்பார்கள். அதைத் தொடவில்லை. வெள்ளைக் கோட்டும் அடையாள அட்டையுமாக நான் போய் நின்றதில் பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் ஏழு என்றுவிட்டார்கள். உப்பைக் குறைப்பீர்களா? ஏழு. பின்னால் அடுப்பில் கருவாடு வறுபடுகிறது.

சரி, முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று கோட்டைக் கழற்றிவிட்டு, தாண்டிப்போன அந்தப் பேச்சுக்கே திரும்பினேன். டீயும் வர்க்கியுமாக ஒரு வாரம். ‘முடியுமா?’ என்பதற்கு ஆங்கிலத் தாளில் இருந்த தடைகள் மழை, நேரமின்மை, ஜிம் கட்டணம். இங்கே சொன்னதோ கரடி, காட்டுமாடு. விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் யாரும் தனியாக வெளியே போவதில்லை; பகலில் வேலை. காய்கறியா? கண்ணுக்கெதிரே விளையும் கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏறுகிறது. வீட்டுக்கு வருவது சந்தையில் கழித்துப் போட்டதுதான்.

நான் கற்றுக்கொண்டதில் பெரியது வினைச்சொல். ‘எண்ணியுள்ளேன்’ என்று எந்த ஊரில் யார் பேசுகிறார்கள்? ‘நடக்கணும்’ என்பது ஆசை. ‘நடக்கலாம்னு இருக்கேன்’ என்பதுதான் எண்ணம். ‘நடந்துருவேன்’ என்பதில் உறுதி. ‘பார்க்கலாம்’ என்றால் மாட்டேன் என்பதை மனம் நோகாமல் சொல்கிறார்கள். மூன்று கேள்விகளையும் இந்த வார்த்தைகளிலேயே எழுதினேன். உடற்பயிற்சி என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, ‘வேலை நேரம் போக, அடுத்த 2 வாரம், வாரத்துக்கு 5 நாள், ஒரு நாளைக்கு 30 நிமிடம் வேகமாக நடப்பது’ என்று உடைத்தேன். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குச் சொல்லும் 150 நிமிடம் அதில் வந்துவிடும். உப்புக்கு, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் என்பதை விட்டு, டீஸ்பூனையே கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

ஏழு கட்டங்களுக்குப் பதில் ஓர் அட்டையில் ஏழு படிகள் வரைந்தேன். “எந்தப் படியில நிக்கறீங்கம்மா?” என்றதும் விரல் தானாகப் போனது. மூன்றாம் படியில் வைத்து, யோசித்து, இரண்டுக்கு இறக்கியவர்களும் உண்டு. இந்த முறை ஆல்ஃபாவும் தேறியது. படகர்களின் ஊர்களான ஹட்டிகளை மட்டும் விட்டுவிட்டேன். அவர்கள் வீட்டு மொழி வேறு. அதற்குத் தனி வினாத்தாளே வேண்டும்.

நெறிமுறைக் குழு அனுமதி, ஒப்புதல் படிவம், எஸ்டேட் அனுமதிக் கடிதம் எல்லாம் வழக்கமான அலைச்சல்தான். முன்கூட்டியே ஆரம்பித்துவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, எத்தனை நாள் நடந்தார்கள் என்று கேட்க மறுபடி போனேன். பாவக்காய் அம்மா இந்தத் தடவை ஏழாம் படியில் விரல் வைத்தவர். ‘நடந்துருவேன்’ என்றும் சொன்னவர்.

“நாலு நாள் நடந்தேன் கண்ணு. அஞ்சாம் நாளு தண்ணித்தொட்டிகிட்ட கரடி.”

தாளில் ‘4’ என்று எழுதிக்கொண்டேன்.