தே தாரிக் நிறத்தில் கியர் ஆயில்

பினாங்கில் மழை பெய்து ஓய்ந்தால் பிறை ஆறு மரக்கட்டைகளைக் கடலுக்குத் தள்ளிவிடும். ஜெலுத்தோங் பக்கமோ, தண்ணீர் வற்றினால் நடுக்கடலிலேயே சேறு தலைகாட்டும். கட்டையில் இடித்த படகோ சேற்றை உழுத படகோ, ரேம்ப் ஏறி வந்ததும் எல்லோரும் கிப்பாஸைத்தான், அதாவது படகைத் தள்ளும் சுழல்விசிறியைத்தான் பார்ப்பார்கள். இலை வளையவில்லை என்றால் "பிழைத்தோம்" என்று மறுநாளே கடலுக்குப் போய்விடுவார்கள். எஞ்சின் படகுக்குள்ளும், கிப்பாஸைச் சுற்றும் கியர் பெட்டி படகின் பின்புறம் வெளியேயும் இருக்கும் அமைப்புதான் ஸ்டெர்ன் டிரைவ். அதில் முதலில் பார்க்க வேண்டியது கிப்பாஸை அல்ல, உள்ளே இருக்கும் ஆயிலை.

படகைக் கரையேற்றி, டிரைவை நேராக இறக்கி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். காலையில் கீழ் ஸ்க்ரூவை அரைச்சுற்று மட்டும் தளர்த்தி, முதல் சொட்டுகளை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தெளிந்த தண்ணீர் முதலில் வந்தால் அது உள்ளே வந்து தேங்கியது. எல்லாமே தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர் போலக் கலங்கி வந்தால், தண்ணீரோடு டிரைவை ஓட்டியும் இருக்கிறார்கள். பேரிங்குகளையும் சோதிக்க வேண்டும். கீழ் ஸ்க்ரூவில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டிய சாம்பல்நிறப் பசையை விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். மாவு போல வழுக்கினால் வழக்கமான தேய்மானம். நறநறவென்று தட்டுப்பட்டாலோ, செதில் மின்னினாலோ கியரோ பேரிங்கோ உடையத் தொடங்கிவிட்டது. அந்த டிரைவைப் பிரிக்காமல் புது ஆயில் ஊற்றுவது வீண்.

தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடிக்காமல் கிப்பாஸ் தண்டின் சீலை மட்டும் மாற்றுவதுதான் இங்கே பரவலான தவறு. பெரும்பாலும் சீல்தான் குற்றவாளி, ஒப்புக்கொள்கிறேன். கிப்பாஸைக் கழற்றினால் தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு இறுகிக் கிடக்கும். அது சீலின் உதட்டை அறுத்துவிடும். ஆனால் தண்ணீர்ப் பம்புக்குக் கீழே உள்ள தண்டின் சீல், கியர் மாற்றும் தண்டின் சீல், மேல் கீழ்ப் பாகங்களுக்கு நடுவே உள்ள ஓ-ரிங், எஞ்சினின் சுழற்சியை டிரைவுக்குக் கடத்தும் வளையும் மூட்டான யூ-ஜாயிண்ட் பக்கத்துச் சீல், ஆயில் ஸ்க்ரூவின் வாஷர் என எதிலிருந்தும் கசியலாம். வாஷரைப் பழையதே போதும் என்று திரும்பப் போடுகிறவர்கள் அநேகம். அது சில ரிங்கிட் பொருள்தான். ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

ஆயிலை வடித்த பிறகு, காற்றுப் பம்பால் மேல் துளை வழியாக 10 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி 5 நிமிடம் பாருங்கள். அந்த நேரம் முழுவதும் தண்டைக் கையால் சுற்றுங்கள், கியரை மாற்றுங்கள், சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. அழுத்தமானியின் முள் அசையவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிட சோதனையும் செய்யுங்கள். காரணம் எளிது: தண்டில் இரண்டு சீல்கள் முதுகோடு முதுகாக இருக்கும். உள்பக்கம் பார்த்தது ஆயிலைத் தடுக்கும், வெளிப்பக்கம் பார்த்தது கடலைத் தடுக்கும். அழுத்தம் உள்சீலைத்தான் சோதிக்கும். கடல்நீரைத் தடுக்கும் சீல் எப்படி இருக்கிறது என்பதை வெற்றிடம்தான் சொல்லும். சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தில் நகம் மாட்டினால் புது சீலும் நிற்காது. தண்டின் மேல் மெல்லிய எஃகுக் கூடு மாட்டுங்கள், அல்லது தண்டையே மாற்றுங்கள்.

இடி வாங்கிய டிரைவில் தண்டு வளைந்திருக்கிறதா என்பதையும் டயல் கேஜ் என்ற நுண்ணளவு கருவி வைத்துப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட ஆட்டம் மாடலுக்கு மாடல் மாறும், ஆனால் அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கணக்குதான். கண்ணுக்குத் தெரியும் அளவு ஆடினால் அளக்கவே தேவையில்லை. வளைந்த தண்டு எந்தச் சீலையும் சீக்கிரம் தின்னும்.

எஞ்சின் வேகம் ஏறுகிறது, படகு நகரவில்லை என்றால் கிப்பாஸின் நடுவே உள்ள ரப்பர் ஹப் வழுக்குகிறதா என்று பாருங்கள். ஹப்பின் உள்வட்டம், வெளிவட்டம் இரண்டையும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டினால் தெரிந்துவிடும். கோடு பிளந்திருந்தால் ஹப். பிளக்கவில்லை, கிப்பாஸும் சுற்றவில்லை, எஞ்சின் அறையில் ரப்பர் கருகிய வாசனை என்றால், எஞ்சினையும் டிரைவின் தண்டையும் இணைக்கும் எஞ்சின் கப்ளர்தான் குற்றவாளி.

அடுத்தது பெல்லோஸ், அந்த மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். நம் வெதுவெதுப்பான தண்ணீரில் தெரிதிப், அதாவது ஒட்டிக்கொண்டு வளரும் ஓட்டுயிர், வேகமாகப் பிடிக்கும். டிரைவைத் தூக்கியே வைத்திருக்கும் படகில் மடிப்புக்குள் ஓடு வளர்ந்து, டிரைவை இறக்கும்போது ரப்பரைக் கத்தி போல அறுக்கும். யூ-ஜாயிண்ட் பெல்லோஸ் கிழிந்தால் உப்புநீர், டிரைவுக்குள் போகும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உறுமல் கூடினால் பேரிங், டக் டக் என்றால் யூ-ஜாயிண்ட். கியர் கேபிளின் சிறிய பெல்லோஸ் கிழிந்தால் படகுக்குள்ளேயே தண்ணீர் வரும். கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கலாம். ரப்பரை வளைத்து மடிப்பின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

டிரைவைத் திரும்ப ஏற்றுமுன் எஞ்சின் நேர்கோட்டைச் சரிபார்க்கவும். அலைன்மென்ட் கம்பியின் நுனியில் கிரீஸ் தடவி, கிம்பல் பேரிங் வழியாகக் கப்ளருக்குள் நுழைத்துப் பாருங்கள். இரண்டு விரலால் தள்ளினாலே போக வேண்டும். வெளியே எடுத்தால் கிரீஸில் பல்தடம் சுற்றிலும் சமமாக இருக்க வேண்டும். மேலேயோ கீழேயோ மட்டும் அழுந்தியிருந்தால் எஞ்சின் மவுண்டை ஏற்றி இறக்குங்கள். டிரைவ் மெர்குரூஸர் நிறுவனத்தின் ஆல்பா மாடல் என்றால் கியரை முன்னே வைத்துத்தான் கழற்றி மாட்ட வேண்டும், பிராவோ என்றால் நியூட்ரல். ஆறு நட்டுகளையும் மாற்றி மாற்றி, படிப்படியாக 68 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

ஆயிலைக் கீழ்த் துளையிலிருந்தே ஏற்றுங்கள், மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கும். மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழிந்ததும் முதலில் மேல் ஸ்க்ரூ, பிறகு கீழ் ஸ்க்ரூ. அலுமினிய டிரைவில் செம்பு கலந்த பெயிண்ட் அடிக்கக் கூடாது, டிரைவுக்குப் பதிலாகத் தானே அரிக்கப்படும் உலோகத் துண்டான அனோடுக்கு எந்தப் பெயிண்டும் கூடாது. அது பாதி கரைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ஓர் இரவு நிறுத்தி, மறுபடியும் கீழ் ஸ்க்ரூவின் முதல் சொட்டுகளைப் போத்தலில் பிடித்துப் பாருங்கள்.