80-ஆவது காங்கிரஸ்: பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டுப் படித்த கதை

முதுகலை வரலாற்றில் அமெரிக்கா பற்றிய தாளுக்காக, 1947 ஜனவரி முதல் 1949 ஜனவரி வரை இயங்கிய 80-ஆவது காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தை, முதலில் நான் தலைவர்கள் ஒரு பட்டியல், சட்டங்கள் ஒரு பட்டியல் என்றே உருப்போட்டேன். மாதிரித் தேர்வொன்றில் அதன் மேலவையான செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ராபர்ட் டாஃப்ட் என்று எழுதினேன். சிவப்பு மையில் ஒரு சுழி விழுந்தது. பதவியில் இருந்தவர் மெய்ன் மாநிலத்தின் வாலஸ் ஒயிட். ஆனாலும், குடியரசுக் கட்சியின் கொள்கைக் குழுவுக்கும் செனட்டின் தொழிலாளர் நலக் குழுவுக்கும் தலைமை வகித்த டாஃப்டிடமே உள்நாட்டு விவகாரங்களின் கடிவாளம் இருந்தது. அதன்பின், பதவி யாருக்கு, பிடி யாரிடம் என்று இரண்டையும் சேர்த்தே குறிப்பெடுத்தேன்.

டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்துக்கு வாக்குக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்திய இச்சட்டத்தை அதிபர் ட்ரூமன் 1947 ஜூன் 20 அன்று நிராகரித்தார். மூன்றே நாளில் பிரதிநிதிகள் சபை 331–83 என்றும், செனட் 68–25 என்றும் வாக்களித்து அதை நிறைவேற்றின. சபையில் வாக்களித்தோர் 414 பேர், அதிபரின் நிராகரிப்பை மீறத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு 276. குடியரசுக் கட்சிக்கு இருந்ததோ சுமார் 246 இடங்கள். ஆகவே ட்ரூமனின் ஜனநாயகக் கட்சியினரே, குறிப்பாகத் தென் மாநிலத்தவர், பெருமளவில் அவருக்கு எதிராக வாக்களித்திருக்கிறார்கள் என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும்.

ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் இறந்து ட்ரூமன் அதிபரானபோது துணை அதிபர் நாற்காலி காலியானது. அதை நிரப்ப அன்று வழியே இல்லை. 1886-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடுத்த வாரிசு வெளியுறவு அமைச்சர். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரே அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று ட்ரூமன் 1945-இல் கேட்டபோது சபாநாயகர் அவர் கட்சியின் சாம் ரேபர்ன். சபாநாயகரையே அடுத்த வாரிசாக்கிய சட்டம் 1947 ஜூலையில் வந்தபோதோ சபாநாயகர் நாற்காலியில் எதிர்க்கட்சியின் ஜோசஃப் மார்ட்டின் அமர்ந்திருந்தார். எனக்கு மறக்கவே மறக்காத இடம் இது.

வெளியுறவில் ஆர்தர் வாண்டன்பர்க் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் போதும். செனட்டின் தற்காலிகத் தலைவராகவும் வெளியுறவுக் குழுத் தலைவராகவும் இருந்த அவர் ட்ரூமனோடு ஒத்துழைத்ததால்தான் கிரீஸ், துருக்கிக்கான 40 கோடி டாலர் உதவியும், 1948 ஏப்ரலில் ஐரோப்பாவின் மறுசீரமைப்புக்கு உதவிய மார்ஷல் திட்டமும் எளிதாக நிறைவேறின. சிஐஏவையும் தனி விமானப்படையையும் உருவாக்கிய தேசியப் பாதுகாப்புச் சட்டம் 1947 ஜூலையைச் சேர்ந்தது.

'ஒன்றும் செய்யாத காங்கிரஸ்' என்பது 1948 தேர்தலில் ட்ரூமன் வீசிய பிரசாரச் சொல். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு விடையைத் தொடங்கினால், மார்ஷல் திட்டத்தை எங்கே வைப்பது என்று இரண்டாம் பக்கத்தில் திண்டாட நேரும், எனக்கு நேர்ந்தது. இன்னொன்று: அதிபர் பதவியை இருமுறைக்கு மட்டுப்படுத்திய 22-ஆவது திருத்தத்தை இந்தக் காங்கிரஸ் 1947 மார்ச்சில் முன்மொழிந்தது, மாநிலங்கள் அதை ஏற்று முடித்தது 1951-இல், இரண்டு ஆண்டுகளையும் எழுதுங்கள்.