பக்கம் திருப்பப் போன கதை

"மச்சி, சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா? ஆறு பேர் வாசிக்கிறோம், ஒரு ஆள் குறையுது."

"எனக்கு எதுவும் வாசிக்கத் தெரியாதேடா."

"வாசிக்க வேண்டாம். என் நோட்ஸ் புத்தகத்துல பக்கம் திருப்பினா போதும்."

நண்பன் லண்டனில் பொழுதுபோக்காகப் பியானோ வாசிப்பவன். நான் ஆறு மாதம் கீபோர்டு வகுப்புக்குப் போனவன். அந்தத் தைரியத்தில் ஒப்புக்கொண்டேன்.

ஒரு சின்ன தேவாலயம். பூலாங்க் என்ற பிரெஞ்சுக்காரரின் செக்ஸ்டெட், அதாவது ஆறு வாத்தியங்களுக்கான இசை. 1932-ல் எழுதி, மனம் ஒப்பாமல் 1939-ல் திருத்தினாராம். பியானோவோடு புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹார்ன். ஓபோக்காரம்மா வாயில் ஒரு நாணல் துண்டை ஊறவைத்துக்கொண்டிருந்தார். அட, நம்ம நாதஸ்வரச் சீவாளி! அப்போதே பாதிக் கச்சேரிக்கு வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

திருப்புகிறவர் பியானோக்காரருக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும். கொஞ்சம் முன்னாலேயே எழுந்து, இடது கையால் தாளின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு, அவர் தலையசைத்ததும் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆரம்பமே தலைதெறிக்கிற ஓட்டம். ஆறு பேரும் சந்தைக் கடையில் பேரம் பேசுகிற மாதிரி ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வாசித்தார்கள். இரண்டு பக்கம் ஒழுங்காகத் திருப்பினேன். திடீரென்று எல்லாம் அடங்கி, பசூன் மட்டும் தனியாகப் பாட ஆரம்பித்தது. அடித் தொண்டையில் ஒரு அழுகை. மியூசிக் அகாடமியில் உட்கார்ந்த பழக்கம், தலை தானாக ஆடியது.

நண்பன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். ரசிக்கிறான் போல என்று நானும் அசைத்தேன். அவன் இன்னும் பலமாக அசைத்தான். 'ஆஹா, என்ன ரசனை!' என்று நானும் பலமாக ஆட்டினேன். பசூன் முடியப் போகிறது, அடுத்து பியானோ எடுக்க வேண்டும். கண்ணை உருட்டியபடி அவனே கையை நீட்டித் தாளை இழுத்தான். இரண்டு தாள் சேர்ந்து வந்தது. ஒன்றை நான் பிடித்துத் திரும்ப இழுத்தேன். பூலாங்க் எழுதாத ஒரு மௌனம் அன்று அந்த இடத்தில் இருந்தது.

மிச்சத்தைத் தலையைக் கழுத்தோடு கட்டிப்போட்ட மாதிரி நின்று முடித்தேன். மொத்தமே 18 நிமிடம்தான். எனக்கு ஒரு மார்கழி போன மாதிரி இருந்தது.

முடிந்த பிறகு பார்த்தால் வலது ஷூ நனைந்திருந்தது. பாட்டு நிற்கும்போதெல்லாம் ஹார்ன்காரர் குழாயைக் கழற்றித் தண்ணீரைக் கீழே உதறியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, "அது எச்சில் இல்லை, மூச்சுக்காற்று குழாய்க்குள் குளிர்ந்து தண்ணீராகிறது" என்று விளக்கினார். விஞ்ஞானப்படி பெரும்பாலும் சரிதான்.

ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன்.